கான்செர்ட்டோ கச்சேரி அல்ல

மேற்கத்திய இசையமைப்பாளர்கள் மெண்டல்சனும் புரூக்கும் இ மைனர், ஜி மைனர் என்ற சுர வரிசைகளில் எழுதிய வயலின் கான்செர்ட்டோக்கள் சேர்ந்த ஒலிப்பதிவு ஒன்று. வயலின் பிரியர்களுக்குப் பழகிய ஜோடிதான். அதற்குத் தமிழில் போட்டிருந்த தலைப்பு: ‘காதல் வயலின் கச்சேரிகள்’. மூன்று சொல்லில் வயலின் மட்டும் சரி.

கான்செர்ட்டோ இத்தாலியச் சொல். அதன் வேர் வினைக்கு லத்தீனில் போட்டியிடுதல் என்று பொருள். இத்தாலியனில் அதுவே இசைந்து போதல் ஆயிற்று. ஒரு தனி வாத்தியம், எதிரே பெரிய வாத்தியக்குழு. மோதலும் இசைவும் இரண்டும் உண்டு.

கச்சேரி என்பது நிகழ்ச்சி. கான்செர்ட்டோ உருப்படி. வர்ணத்தையோ கீர்த்தனையையோ யாராவது கச்சேரி என்பார்களா? கச்சேரியில் பல உருப்படிகள் வரும், நடுநடுவே கைதட்டல் விழும். 1845இல் லைப்சிக்கில் அரங்கேறிய மெண்டல்சன் கான்செர்ட்டோவில் முதல் பகுதி முடிந்ததும் பஸூன் என்ற ஊதுகுழல் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குள் இழுத்துப் போகும். கைதட்ட இடமே இல்லை. அதிலும் இந்த ஒலிப்பதிவு ரசிகர்களே இல்லாத ஸ்டுடியோவில் பதிவானது!

‘கச்சேரியாவது தமிழாயிற்றே’ என்று சிலர் வருவார்கள். அதுவும் வடக்கிலிருந்து வந்த சொல்தான், அலுவலகம், நீதிமன்றம் என்ற பொருளில். தாலுகா கச்சேரியும் மயிலாப்பூர் கச்சேரி சாலையும் பாட்டினால் வந்த பெயர்கள் அல்ல.

‘இசைக்கோவை’ என்று இன்னொரு கட்சி. வாத்தியக்குழு முழுக்கச் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனியும் இசைக்கோவைதானே? தனி வாத்தியம் எங்கே போயிற்று?

கான்செர்ட்டோ என்றே எழுதலாம். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘எதிரிசை’ என்பேன். எசப்பாட்டு கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மெண்டல்சனிடம் வயலின் இரண்டாவது தாளவட்டத்திலேயே நுழைந்துவிடும். பிராம்ஸ் என்ற இன்னொரு இசையமைப்பாளரின் டி மேஜர் வயலின் கான்செர்ட்டோவில் வாத்தியக்குழு இரண்டு நிமிடத்துக்கு மேல் முழங்கிய பிறகுதான் வயலினின் முறை. இந்த எதிரும் புதிரும் ‘கோவை’யில் வராது.

அப்புறம் அந்தக் ‘காதல்’. ரொமான்டிக் என்பதைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் ஒரு கலைப்போக்கு. மக்கள் மொழியில் சொன்ன வீரசாகசக் கதைகளின் பெயரிலிருந்து பிறந்த சொல். காதல் அதில் ஒரு மூலையில்தான். ‘புனைவியல்’ என்று நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அகராதியைப் புரட்டக்கூட மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லை போலும்.

உள்ளே ஜி மைனரை ‘ஜி சிறுவர்’ ஆக்கியிருந்தார்கள். மைனர் என்றே விட்டிருந்தால் ஜிப்பாவும் தங்கச் சங்கிலியுமாக ஒருவராவது மனசில் வந்து நின்றிருப்பார்.