பத்து கிலோ பைப் காற்றைத் தாங்குமா?

"பத்து கிலோ பைப் சார். நம்ம கம்ப்ரஸர் ஏழு கிலோவைத் தாண்டாது." கோவையில் வீட்டுக்குப் பின்னால் சின்னப் பட்டறை வைத்திருப்பவர் சொன்னது இது. கம்ப்ரஸர் காற்றைக் கொண்டுபோகச் சுவர் நெடுக பிவிசி பைப் ஓட்டியிருந்தார். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் காலை கதவைத் திறந்தால், எல்போவை (வளைவு இணைப்பை) ஒட்டி ஒரு அடி பைப்பைக் காணோம். விரல் நீளச் சில்லு ஒன்று எதிரே பிளைவுட் அலமாரியில் குத்தி நின்றது, அவர் தினமும் நின்று வேலை செய்யும் இடத்தில், நெஞ்சு உயரத்தில்.

பைப்பில் அச்சடித்த அந்தப் பத்து கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ அழுத்தம், தண்ணீருக்கானது, அதுவும் 27 டிகிரி வெப்பத்தில். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றோ சூடானது. 60 டிகிரியில் பிவிசியின் பலம் கால் பங்குக்கும் கீழே போய்விடும். காற்றோடு வரும் ஆயிலும் வெயிலும் அதை மொறுமொறுப்பாக்கும்.

அதைவிட முக்கியம், ஏழு கிலோ அழுத்தத்தில் எட்டு லிட்டர் காற்று ஒரு லிட்டருக்குள் அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் அப்படிச் சுருங்காது; அதனால் தண்ணீர் லைன் விரிசல் விட்டால் ஒழுகும், அவ்வளவுதான். காற்று லைன் விரிசல் விட்டால் அத்தனையும் ஒரே நொடியில் விரிந்து பைப்பைச் சில்லுச் சில்லாக வீசும். உடம்பில் ஏறிய பிளாஸ்டிக் சில்லு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பது இன்னொரு கொடுமை. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988இலேயே இதை எச்சரித்துவிட்டது. சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி பைப்பும் இதற்கு ஆகாது.

அப்போ எது? கையில் காசு இருந்தால் காற்றுக்கென்றே வரும் அலுமினியம் பைப். துரு இல்லை, திரெட் போடும் வேலை இல்லை. செம்பும் அருமை, விலைதான் இடிக்கும். பட்ஜெட் என்றால் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். நாளடைவில் உள்ளே துரு பிடிக்கும், ஆனால் சில்லாகச் சிதறாது. பெயின்ட் கன் ஓட்டுபவர்கள் அந்தத் துரு கன்னுக்கு வராமல் இருக்க லைனின் கடைசியில் ஃபில்டர் வைத்தே ஆக வேண்டும்.

எதைப் போட்டாலும் கம்ப்ரஸருக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு முழம் ரப்பர் ஹோஸ் விடுங்கள், அதிர்வு லைனில் ஏறாது. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, தாழ்ந்த முனையில், காற்றிலிருந்து பைப்பில் படியும் தண்ணீரை வெளியேற்ற ஒரு டிரெயின் வால்வு வையுங்கள். கிளை லைனை டீயின் (T வடிவ இணைப்பின்) மேல்பக்கத்திலிருந்து எடுத்துக் கீழே வளையுங்கள், அந்தத் தண்ணீர் உங்கள் கருவிக்கு வராது.

ஏற்கெனவே பிவிசி ஓட்டியிருந்தால் இன்றே டேங்க் வால்வை மூடி, லைனில் உள்ள காற்றை இறக்கிவிடுங்கள். புது பைப் வரும்வரை காற்றுக்கான நீளமான ரப்பர் ஹோஸை டேங்கிலிருந்து நேராக இழுத்து வேலை பாருங்கள்.