குதிரைக்கு வருவது 'குளம்பு நோய்' இல்லை

குதிரைத் தீவனம் பற்றித் தமிழில் வருகிற துண்டறிக்கை, காணொளி எதை எடுத்தாலும் இந்த வாக்கியம் இருக்கிறது: 'இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்குத் தானியம் கொடுத்தால் குளம்பு நோய் வரும்.' சொல்ல வந்தது லேமினைடிஸ். சொன்னது வேறு.

லேமினா லத்தீன், மெல்லிய அடுக்கு என்று பொருள். ஐடிஸ் கிரேக்கம், அழற்சி. வேர்க்கதை அவ்வளவுதான். குதிரையின் ஒவ்வொரு குளம்புக்குள்ளும் இப்படி 550 முதல் 600 வரை அடுக்குகள் உண்டு. எலும்பின் பக்கமிருந்து வருபவையும் குளம்புச் சுவரின் பக்கமிருந்து வருபவையும், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று பிணைந்து எலும்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. பிடி தளர்ந்தால் எலும்பு சுழன்றுவிடும், இல்லை கீழே இறங்கிவிடும். குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நிற்கும்.

சரி, 'குளம்பு நோய்' என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாடு வைத்திருக்கிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அவருக்கு ஞாபகம் வருவது கோமாரி. காணை, கால் வாய் நோய், வாய் குளம்பு நோய் என்று எத்தனை பேர் வைத்தாலும் அது ஒன்றுதான்: வைரஸால் வருவது, ஒட்டுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுவது. குளம்பு பிளந்த மாடு, ஆடு, பன்றிக்குத்தான் அது வரும், ஒற்றைக் குளம்புக் குதிரைக்கு வராது. இந்த மொழிபெயர்ப்பைப் படித்த குதிரைக்காரர் என்ன செய்வார்? ஊசி கேட்டு அலைவார், குதிரையை மாட்டுக் கொட்டகையிலிருந்து தள்ளிக் கட்டுவார், வாயில் புண் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார், தொட்டியில் கிடக்கிற ராகியையும் வெல்லத்தையும் மட்டும் அப்படியே விட்டுவிடுவார். வினையே அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 70 கிராம் மாவுப்பொருள், கொள்ளில் 57. இன்சுலின் கோளாறுள்ள குதிரையின் உடம்பு அதைச் சமாளிக்க இன்சுலினை அளவுக்கு மீறிக் கொட்டும், அந்த இன்சுலினே குளம்பைக் கெடுக்கும். நோயில்லாத மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ஏற்றியே இதை வரவழைக்க முடியும் என்று 2007-இல் ஆஸ்திரேலியாவில் காட்டிவிட்டார்கள். (சில அறிக்கைகளில் 'குழம்பு நோய்' என்றே அச்சாகியிருக்கிறது. அதை எந்த அடுப்பில் வைப்பது?)

ஓசூர்ப் பக்கம் மத்திகிரியில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த மண் இது. இங்கே குதிரையின் நோய்க்கு மாட்டு நோயின் பெயரைக் கடன் வாங்குவது எரிச்சலாக இருக்கிறது.

தூய தமிழ்க்காரர்கள் 'மென்தகட்டழற்சி' என்கிறார்கள். தூய்மையோடு எனக்குச் சண்டை இல்லை, தகட்டோடுதான் சண்டை. தகடு என்றால் தகரத் தகடு, செப்புத் தகடு, தாயத்துக்குள் சுருட்டி வைக்கிற தகடு. உயிருள்ள சதையை யாராவது தகடு என்பார்களா? அதுவும் அந்தச் சொல்லில் குளம்பே இல்லை, நோய் காதில் வந்ததா காலில் வந்ததா என்று எப்படித் தெரியும்? அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர் குதிரையின் காலை ஒருமுறையாவது தூக்கிப் பார்த்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் லாடம் அடிப்பவரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

என் சொல் குளம்பிதழ் அழற்சி. இதழ் மெல்லியது, உயிருள்ளது, அடுக்கடுக்காக இருப்பது. 'இன்சுலினால் வருவதில் அழற்சி முதல் காரணமே இல்லையே' என்று கால்நடை மருத்துவர்கள் கேட்கலாம், நியாயம்தான். உண்மையில் அங்கே இதழ்கள் நீண்டு பிடி தளர்கின்றன. ஆனால் மூலச்சொல்லிலேயே அந்தக் குறை இருக்கிறது, தமிழ் மட்டும் ஏன் தனியாகத் திருத்திக்கொண்டு நிற்க வேண்டும்?

அந்த வாக்கியத்தை இப்படி எழுதலாம்: 'இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்குக் குளம்பிதழ் அழற்சி வரும். இது ஒட்டாது, இதற்குத் தடுப்பூசி கிடையாது. தானியத்தையும் வெல்லத்தையும் நிறுத்துங்கள், பட்டினி மட்டும் போடாதீர்கள்.' கடைசி வரி முக்கியம். பட்டினி கிடந்தால், அதுவும் மட்டக்குதிரை என்றால், உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து ஆளையே கொண்டுபோய்விடும். 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஆறு கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும். அதையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரை இறங்கிய அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் போடுங்கள்.