அதிர்வைக் கூட்டும்போது கோணத்தை விட்டுவிடாதீர்கள்

கொதிகலனின் புகையை இழுக்கும் ஐடி ஃபேன் அது. 110 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 990 சுற்று. பேரிங் மேல் அதிர்வு மீட்டரை வைத்தால் விநாடிக்கு 8 மில்லிமீட்டர் காட்டியது. கெட்டியான கான்கிரீட் அடித்தளத்தில் நிற்கும் இந்த அளவு இயந்திரத்துக்கு 4.5-ஐத் தாண்டினாலே சேதம் வரலாம் என்கிறது ஐஎஸ்ஓ 10816 (2022 முதல் ஐஎஸ்ஓ 20816) அதிர்வுத் தரநிலை. நான் போய்ச் சேரும் முன்பே பராமரிப்புக் குழுவினர் ஃபேனின் எடைச் சமநிலையைச் சரிசெய்ய (பேலன்சிங்), அதன் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் 150 கிராம் இரும்புத் துண்டைப் பற்றவைத்து ஓட்டிப் பார்த்திருந்தார்கள். மறுபடியும் அதே 8.

"வெயிட்டால ஒண்ணும் ஆகல சார். அதே இடத்துல இன்னொரு 150 கிராம் வச்சுப் பாத்துரலாம்" என்றார் மூத்த ஃபிட்டர். வெல்டிங் செட் தயாராக நின்றது.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, மீட்டரைக் காட்டுங்க" என்றேன். இரண்டு ஓட்டத்தின் அளவுகளும் அதில் பதிவாகியிருந்தன. கணக்கு எளிதாகப் புரிய எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். முதல் ஓட்டத்தில் 8, கோணம் 0 டிகிரி. வெயிட் வைத்தபின் 8, கோணம் 60 டிகிரி. சுற்றை எண்ணும் டேக்கோவும் அதற்கு அடையாளமாகத் தண்டில் ஒட்டிய ரிஃப்ளெக்டிவ் டேப்பும் ஒழுங்காக வேலை செய்து ஃபேஸை, அதாவது சுற்றின் எந்தக் கோணத்தில் அதிர்வு உச்சத்துக்குப் போகிறது என்பதை, பிடித்திருக்கின்றன. ஆனால் அந்த எண்ணை யாரும் பார்க்கவில்லை.

இன்ஜினியரிங் முதல் ஆண்டுக் கணிதத்தில் இதைப் படித்திருப்போம். ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு சைன் அலைகளைக் கூட்டினால் அதே அதிர்வெண்ணில் இன்னொரு சைன் அலைதான் கிடைக்கும். அதன் வீச்சு எவ்வளவு என்பதைக் கோண வித்தியாசம் தீர்மானிக்கிறது. 3-ம் 4-ம் ஒரே திசையில் சேர்ந்தால் 7. எதிரெதிராக நின்றால் 1. செங்குத்தாக இருந்தால் 5. தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற இந்தக் கணக்குதான் தளத்தில் பேரிங்கைக் காப்பாற்றுகிறது.

ஒரு வரைபடத் தாளும் ஜாமெட்ரி பாக்ஸும் கேட்டேன். ஒரு மில்லிமீட்டர் வேகத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று 0 டிகிரியில் 8 செ.மீ. கோடு ஒன்று. அதே புள்ளியிலிருந்து 60 டிகிரியில் இன்னொரு 8 செ.மீ. கோடு. முதல் கோட்டின் நுனியிலிருந்து இரண்டாவதின் நுனிக்கு ஒரு கோடு இழுத்தால் அதுதான் வெயிட் மட்டும் உண்டாக்கிய அதிர்வு. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் வந்தது. அப்படியென்றால் அந்த 150 கிராம், "ஒண்ணும் ஆகல" என்று அவர் சொன்ன அதே துண்டு, தனியாக விநாடிக்கு 8 மில்லிமீட்டர் அதிர்வைக் கொடுத்திருக்கிறது. அதன் திசை 120 டிகிரி. நமக்கு வேண்டியது பழைய அதிர்வுக்கு நேர் எதிரான 180. வெயிட்டின் எடை கச்சிதமாகச் சரி, இடம்தான் 60 டிகிரி தவறு.

அவர் சொன்னபடி அதே இடத்தில் 300 கிராம் ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 0 டிகிரியில் 8-ஐயும் 120 டிகிரியில் 16-ஐயும் கூட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட 14 வரும். 150 கிராம் அற்பமாகத் தெரியலாம். 70 சென்டிமீட்டர் ஆரத்தில் வைத்து 990 சுற்றில் சுழற்றினால் அது வெளிப்பக்கம் இழுக்கும் விசை ஏறக்குறைய 115 கிலோ எடைக்குச் சமம். பக்கத்தில் ஆட்கள் நடமாடுகிற இடம் அது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இம்பெல்லரில் 12 பிளேடுகள், ஒன்றுக்கு 30 டிகிரி. எங்கள் மீட்டர் கோணத்தைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் எண்ணும், அதனால் அதே துண்டை எடுத்து எதிர்த்திசையில் இரண்டு பிளேடு தள்ளி வைத்தோம். உங்கள் மீட்டர் எந்தப் பக்கமாக எண்ணுகிறது என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போட்ட பிறகுதான் ஃபேனுக்குள் கை போக வேண்டும். வெல்டிங் எர்த்தை இம்பெல்லரிலேயே, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வெளிச் சட்டத்தில் பிடித்தால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளைப் பொத்தல் போட்டுவிடும். ஓட்டியபோது 1.3 வந்தது.

கோணம் நிலையாக நிற்காத இடங்களும் உண்டு. வேறோர் ஆலையில் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு பம்ப்கள். அதில் ஒன்றுக்குக் காலை ஷிஃப்ட் லாக் புக்கில் 4.8, மதியம் 1.3, இரவு மறுபடி 4.5. பேரிங் கெட்டுவிட்டது என்று மாற்றியும் விட்டார்கள், பலனில்லை. நான் மீட்டரை வைத்துவிட்டு அரை நிமிடம் பேசாமல் நின்றேன். எண் 5 வரை ஏறி 1 வரை இறங்கியது. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை, தவறாமல். ஒரு பம்ப் 1470 சுற்று, மற்றது 1482. வித்தியாசம் நிமிடத்துக்கு 12, அதாவது ஐந்து விநாடிக்கு ஒன்று. அந்த பம்பின் சொந்த அதிர்வு 3, பக்கத்துப் பம்பிலிருந்து சட்டம் வழியாக வருவது 2. இரண்டும் சேர்ந்தும் விலகியும் ஆடுகின்றன. பக்கத்துப் பம்பை நிறுத்தியதும் எண் 3-ல் அசையாமல் நின்றது.

நான் தூத்துக்குடிக்காரன். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவன். சந்திரனின் இழுப்பு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை, சூரியனின் இழுப்பு 12 மணிக்கு ஒருமுறை. இரண்டும் ஒத்துச் சேர்வது ஏறக்குறைய 14.8 நாளுக்கு ஒருமுறை. அங்கே பதினைந்து நாள் எடுப்பதுதான் இந்தச் சட்டத்தின் மேல் ஐந்து விநாடியில் நடந்தது.

அதிர்வெண்கள் வெகுவாக வேறுபட்டால் கணக்கு மாறும். சுழல் வேகத்தில் 3, அதன் இரு மடங்கில் 4 இருந்தால், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து மீட்டர் காட்டும் மொத்த அளவு 5. இங்கே கோணம் பொருட்டல்ல. இந்த இயந்திரத்தை எவ்வளவு துல்லியமாக பேலன்ஸ் செய்தாலும் 5 என்பது 4 வரைதான் இறங்கும். மீதிக்கு அலைன்மென்ட்டை, அதாவது மோட்டாரின் தண்டும் இயந்திரத்தின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று, பாருங்கள். பேலன்சிங் செய்தவரைக் குறை சொல்லாதீர்கள்.

அந்த ஐடி ஃபேனின் லாக் புக்கில் அளவுக்குப் பக்கத்தில் "கோணம்" என்று ஒரு கட்டத்தை மூத்த ஃபிட்டரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தார். போன முறை போனபோது பார்த்தேன், எல்லா ஷிஃப்ட்டிலும் நிரப்பியிருந்தார்கள்.