வெள்ளை அம்புக்குறி மேல் இறங்காதீர்கள்

ரன்வே குறியீடுகளைப் பற்றி எழுத்துத் தேர்வில் கேட்டால், சிறு விமானம் ஓட்டப் பழகும் எல்லாரும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். பைனலில், அதாவது ரன்வேயை நோக்கி நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டத்தில், பக்கக்காற்றும் ரேடியோப் பேச்சும் சேர்ந்து நெருக்கும்போது அதே குறிகள் கண்ணில் படுகின்றனவா என்பதுதான் பயிற்றுநராக என் கவலை.

அதிகம் பயப்படவைப்பது தள்ளிவைக்கப்பட்ட திரெஷோல்ட், அதாவது ரன்வேயின் முனையிலிருந்து உள்ளே தள்ளி வைத்த, இறங்கும் பகுதியின் தொடக்க எல்லை. ரன்வேயின் தொடக்கத்தில் வெள்ளை அம்புகள் வரிசையாகப் போய், குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டையில் முடியும். அந்தப் பட்டைக்கு அப்பால்தான் சக்கரம் தரையைத் தொடலாம். அம்புகள் உள்ள பகுதியில் டாக்ஸி செய்யலாம் (தரையில் மெதுவாக ஓட்டிப் போகலாம்), டேக்-ஆஃப் ஓட்டத்தைத் தொடங்கலாம், எதிர்த்திசையில் இறங்கியவர் ஓடி நிற்கவும் பயன்படுத்தலாம். இறங்க மட்டும் கூடாது. "நல்ல தார்ப்பாதைதானே, நம்ம விமானம் சின்னது, ஏன் இவ்வளவு நீளத்தை வீணாக்கணும்?" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. பெரும்பாலும் வரும் வழியில் மரமோ மின்கம்பியோ கட்டடமோ இருப்பதால்தான் திரெஷோல்டைத் தள்ளி வைக்கிறார்கள். 3 டிகிரி சரிவில் வரும்போது, இறங்கும் இடத்தை 100 மீட்டர் முன்னால் இழுத்தால், அந்தக் கம்பிக்கு மேலே உங்கள் உயரம் சுமார் 5 மீட்டர் குறைகிறது. 200 மீட்டர் என்றால் 10 மீட்டர். அந்த உயரம்தான் உங்களுக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த இடைவெளி.

மஞ்சள் நிறத்தில் கூரான பட்டைகள் தெரிந்தால் அது வேறு விஷயம். அந்தப் பகுதியில் இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது, டாக்ஸியும் கூடாது. பெரிய X போட்டிருந்தால் ரன்வே மூடப்பட்டிருக்கிறது.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. ரன்வேயின் எண்ணும் நடுக்கோடும் வெள்ளை. ரன்வேக்குப் போய்வரும் பாதையான டாக்ஸிவேயின் கோடுகள் மஞ்சள். 2017 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஜான் வெய்ன் விமான நிலையத்தில் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று, காத்திருந்த போயிங் 737-இன் மேலாகப் பறந்து டாக்ஸிவேயில் இறங்கியது. ஓட்டியவர் அனுபவசாலி. எண்ணும் வெள்ளைக் கோடும் கண்ணில் படாவிட்டால், அது ரன்வே இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணைப் பார்த்ததோடு விடாமல் திசைகாட்டியோடும் ஒப்பிடுங்கள். ரன்வே எண் 27 என்றால் அதன் திசை ஏறத்தாழ 270 டிகிரி. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ரன்வே 22-இல் ஏற வேண்டிய பயணிகள் விமானம், பாதி நீளமே உள்ள ரன்வே 26-இல் ஓடியது. இருந்த 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். இரண்டு ரன்வேக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம். திசைகாட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இறங்கும்போதும் அதே சோதனைதான்.

அடுத்து, இலக்குப் புள்ளி. நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள இரண்டு தடித்த வெள்ளைப் பட்டைகள். பெரிய ரன்வேக்களில் திரெஷோல்டிலிருந்து சுமார் 300 முதல் 400 மீட்டரில் இருக்கும். குட்டையானவற்றில் இன்னும் அருகே, சிலவற்றில் இருக்கவே இருக்காது. அது குறிவைக்கும் இடம். ஃபிளேர் செய்ததும் (தொடுவதற்குச் சற்று முன் மூக்கை லேசாக உயர்த்தியதும்) விமானம் மிதந்து அதைத் தாண்டித்தான் தொடும். கண்ணாடியில் அந்தப் பட்டை அசையாமல் நின்றால் சரியான பாதை. மேலே நகர்ந்தால் எட்டாமல் முன்னாலேயே விழப்போகிறீர்கள், கீழே நகர்ந்தால் தாண்டப்போகிறீர்கள். பழகியதைவிடக் குறுகலான ரன்வேயில், உயரமாக இருப்பதுபோல் கண் ஏமாற்றும். இறக்கிக்கொண்டே போகத் தோன்றும். அப்போது ரன்வேயின் வடிவத்தைவிட இந்தப் பட்டையையும், பாபி விளக்குகள் (இறங்கும் சரிவு சரியா என்று காட்டும், ரன்வே ஓரத்து நான்கு விளக்குகள்) இருந்தால் அவற்றையும் நம்புங்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரிவு சரி.

வேகத்தையும் கவனியுங்கள். 10 சதவீதம் கூடினால் நிற்கத் தேவையான தூரம் சுமார் 20 சதவீதம் கூடும். அதனால் கிளம்பும் முன்பே, இறங்கக் கிடைக்கும் நீளத்தைப் பார்த்து, முதல் மூன்றில் ஒரு பங்கு எங்கே முடிகிறது என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சக்கரம் தொடவில்லையென்றால் யோசிக்காமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுங்கள். த்ராட்டிலை முழுதாகத் தள்ளி, மூக்கை ஏறும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஃபிளாப்பை (இறங்கும்போது இறக்கையின் பின்புறம் இறக்கிவைத்த மடிப்புப் பலகையை) ஒரேயடியாக மடக்காதீர்கள். விமானம் ஏறுவது உறுதியான அப்புறம், படிப்படியாக.