முதல் நாள் போன் வேண்டாம்

இந்தத் தவணையும் அதே கதைதான். 'வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டம்' என்று வருகிற செயற்றிட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக கொமினிகேஷன் கடையில் அச்சடித்துக் கம்பி போட்டவை. சிலவற்றில் இணைய முகவரிகூடப் பக்கத்தின் அடியில் அப்படியே கிடக்கிறது. இத்தனைக்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனியில் நிற்கும் கறிவேப்பிலைச் சாடியிலேயே அந்தப் புழு இருக்கும்.

"பிள்ளை தானே போனில் தேடிப் படிக்குது" என்கிறார்கள் பெற்றோர். அங்கேதான் பிழை. உயிரினத்தை இனங்காணும் செயலியில் படம் பிடித்தால் இரண்டு செக்கனில் ஒரு பெயர் வரும். பெயர் வந்ததும் பிள்ளையின் கேள்வி முடிந்துவிடும். அந்தப் பெயரும் சரியென்று நம்ப முடியாது. எலுமிச்சை இனத்தில் வளரும் ஒன்றுக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். அவற்றின் இளம் புழுக்கள் எல்லாமே பறவை எச்சம் மாதிரி இருந்து, பிறகுதான் பச்சையாகும். இன்றைக்கு ஒரு பெயர் சொன்ன செயலி நாளைக்கு வேறு பெயர் சொல்லும். கூட்டிலிருந்து வெளிவருவது என்ன என்று பார்த்துத்தான் தீர்மானிக்கலாம். அதற்குச் சுமார் ஒரு மாதம் வேண்டும், ஒப்படைக்கு முதல்நாள் இரவு போதாது.

புழுவைக் கண்ட முதல் நாள் கொப்பியும் பென்சிலும் போதும். என்ன கண்டாய், இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், அதை எப்படிச் சரிபார்ப்பாய்? மூன்றுக்கும் பிள்ளையே எழுதட்டும். ஊகம் பிழையென்றால் பிழையாகவே இருக்கட்டும். அழிறப்பரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள், தயவுசெய்து.

அடுத்த நாளிலிருந்து போன் அளவுகருவி. தினமும் ஒரே நேரம், ஒரே தூரம், இலைக்குப் பக்கத்தில் அடிமட்டம், பிளாஷ் இல்லாமல் ஒரு படம். நீளத்தையும் தின்ற இலைகளின் எண்ணிக்கையையும் வரைபில் குறிக்கலாம். புழு தின்பதை நிறுத்தி அலையத் தொடங்கினால் கூட்டுப்புழுவாகப் போகிறது. பிறகு கூடு கருத்துச் சிறகின் நிறம் வெளியே தெரிந்தால், மறுநாள் விடிய முன்பே டைம்லாப்ஸ் போட்டு, போனைச் சார்ஜரில் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் காலையில்தான் வெளிவரும்.

புழுவைச் செடியிலேயே விடுவது நல்லது. போத்தலில்தான் வளர்க்க வேண்டுமென்றால் 25 சென்ரிமீற்றர் உயரமாவது வேண்டும். மூடிக்குப் பதில் வலைத்துணியும் றப்பர் வளையமும். கறிவேப்பிலைக் காம்பைச் சின்னத் தண்ணீர்க் குப்பியில் வைத்து, வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள், கொழும்புப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தாமதமாகாது. ஒரு குச்சியை நிமிர்த்தி வையுங்கள். சிறகு தொங்கி விரிய இடமில்லாவிட்டால் சுருண்டபடியே காய்ந்துவிடும். நேர் வெயிலில் வைக்காதீர்கள். சந்தைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், மருந்தடித்தது புழுவைக் கொன்றுவிடும்.

சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வரும். பதறிப் போத்தலை எறிந்துவிடுகிறார்கள்! அதைவிட நல்ல கேள்வி வேறெங்கே கிடைக்கும்? குளவி எப்போது, எப்படி உள்ளே போனது என்று பிள்ளை யோசிக்கட்டும். போனில் தேடச் சரியான நேரம் அதுதான்.

நுளம்புக் குடம்பியைப் போத்தலில் வளர்க்கும் 'பரிசோதனை'யை மட்டும் நிறுத்துங்கள். ஒரு வாரம் பத்து நாளில் நிறையுடலி பறக்கும். டெங்கு ஊரில் இது விளையாட்டல்ல. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் நுளம்பு பெருக இடம்கொடுப்பது குற்றமும்கூட. மயிருள்ள மசுக்குட்டியைத் தொடவிடாதீர்கள், படம் மட்டும் போதும்.

கண்ட உயிரினங்களைப் படத்தோடு பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவதானால் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கெனத் தனிக் கணக்குத் திறக்காமல் உங்கள் கணக்கில் பதியுங்கள். இடத்தை மறைத்துவிடுங்கள், பல்கனிப் படம் உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும். சின்னவர்களுக்கு 'சீக்' செயலி பொருத்தம், அதற்குப் பதிவு தேவையில்லை. பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களுக்குப் போனால் முட்டை, புழு, இலை எதையும் பையில் போட்டு வராதீர்கள்.