படத்தைப் பார்த்துச் சொல்வது வாசிப்பு ஆகாது

பேச்சைப் பிள்ளைகள் காதால் கேட்டே கற்றுக்கொள்கிறார்கள். வாசிப்பு அவ்வாறு தானாக வருவதில்லை. எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகியிருப்பதால், வாசிப்பதற்கென்றே அமைந்த பகுதி எதுவும் பிறக்கும்போது மூளையில் இல்லை. முகங்களையும் பொருள்களையும் இனங்காண உதவும் இடப்பக்க அடிப்பகுதி ஒன்றுதான் பயிற்சியால் எழுத்துக்குப் பழகுகிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களின் மூளையையும் படித்தவர்களின் மூளையையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டபோது, வாசிப்புத் திறன் கூடக்கூட அப்பகுதி எழுத்துகளைக் கண்டதும் வலுவாக இயங்குவது தெரிந்தது. அதே ஆண்டு வெளிவந்த சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், படிக்கத் தெரியாத பாலர் பள்ளிப் பிள்ளைகள் எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் கணினி விளையாட்டை எட்டு வாரங்களில் மொத்தம் நான்கு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆடினார்கள். அதற்குள்ளாகவே அவர்களுடைய மூளையில் இந்த மாற்றம் தொடங்கிவிட்டது.

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சி அளிக்கும் எனக்கு, எழுத்துக்கும் ஒலிக்குமான இந்த இணைப்பு விடுபட்டுப் போவதுதான் பெரிய கவலை. கதைப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பித்த ஒரு சிறுமி, 'மேகம்' என்ற சொல்லின்மீது விரலை வைத்தபடி "வானம்" என்றாள். படத்தை மறைத்ததும் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அச்சொல்லில் கண்ணுக்கு முதலில் தென்படுவது இரட்டைக்கொம்பு. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது மகர ஒலி. அடுத்து வரும் ககரமோ, 'கல்' என்பதில் ஒலிப்பதுபோல் ஒலிக்காமல் மெலிந்து ஒலிக்கிறது. இவற்றை யாரேனும் பொறுமையாகக் காட்டித் தராவிட்டால், பிள்ளை ஊகித்தே காலந்தள்ளும். நம் 247 எழுத்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, கொம்பும் காலும் சேரும்போது ஒலி எப்படி மாறுகிறது என்பதைப் பழக்குவதே மேல்.

எழுத்துக் கூட்டி வரும் ஒலி, காதுக்குப் பழக்கமான சொல்லாகவும் இருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலமே புழங்கினால், 'மேகம்' என்று சரியாக வாசித்த பிறகும் பிள்ளைக்கு அது வெற்று ஒலிதான். பேச்சுத் தமிழ் புழங்கும் வீட்டிலும், "வந்தாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் "வந்தார்கள்" என்றிருப்பது புதிதாகவே தோன்றும். ஆகவே வீட்டில் தயங்காமல் தமிழில் பேசுங்கள். நூலகத்திலிருந்து எடுத்து வரும் கதைகளை, சொற்களை விரலால் தொட்டுக்காட்டி நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போது, "'பல்' என்பதில் 'ப'வை எடுத்துவிட்டுக் 'க'வைப் போட்டால் என்ன வரும்?" என்று கேளுங்கள். ஒலிகளைப் பிரித்தறியும் காது இவ்வாறுதான் பழகுகிறது.

ஆங்கிலத்தில் 'b', 'd' என்ற சிறிய எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவது இந்த வயதில் இயல்பே. அதற்காக அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். ஆனால் தொடக்கநிலை ஒன்று முடியும் தறுவாயிலும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லையென்றால், அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று காத்திராமல், வகுப்பாசிரியரிடமும் தமிழாசிரியரிடமும் பேசி டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்கான மதிப்பீடு தேவையா என்று கேளுங்கள்.