மேலே சாம்பல், உள்ளே கங்கு

சித்திரை மாதம், இரவு இரண்டு மணி. எங்கள் தீயணைப்பு வண்டி போய்ச் சேர்ந்தபோது வைக்கோல் போர் முழுக்கப் பிடித்து, அதை ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டகையின் கூரையும் எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, மாடுகளை யாரோ அவிழ்த்து விட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “சாயங்காலமே தண்ணி ஊத்தி அணைச்சுட்டேனே தம்பி!”

அவர் பொய் சொல்லவில்லை. கொல்லையில் வேப்பஞ்சருகையும் நாலைந்து தென்னை மட்டையையும் கூட்டி எரித்து, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார். சருகு அணைந்தது, மட்டையின் தடித்த அடிப்பகுதி அணையவில்லை. இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி போடுவது எதற்காக? கனல் நின்று எரியும். தென்னையில் கட்டியான எதுவும் அப்படித்தான். மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும், கை வைத்தால்தான் தெரியும். ராத்திரி காற்று கிளம்பியதும் கங்கு போருக்குப் பறந்துவிட்டது.

வைக்கோல் போர் எங்களுக்கே பெரும்பாடு. வெளியிலிருந்து எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் மேல்வைக்கோல் நனையும், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். ஜேசிபி வந்து பிரித்துப் போட்ட பிறகுதான் அன்றைக்கு அடங்கியது. அதற்குள் விடிந்துவிட்டது.

“எங்க கொல்லை, எங்க சருகு, யார் கேக்கிறது?” என்பார்கள். கேட்கச் சட்டம் இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22 அன்று நாடு முழுவதும் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் அபராதம் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அது வேறு கணக்கு: குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 287-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சின்னதுதான். கோர்ட்டுக்கு நடக்கிற நடைதான் பெரிது.

போகியைச் சொல்லாமல் விட முடியாது. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே தடுமாறின. டயர், பிளாஸ்டிக் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள்; நான் பயப்படுவது காலி சென்ட் பாட்டிலுக்கும் கொசு மருந்து ஸ்ப்ரே டப்பாவுக்கும். பழைய துணி மூட்டைக்குள் கிடக்கும், சூடேறினால் வெடிக்கும். சுற்றி நிற்பது குழந்தைகள்.

சருகைக் குழியில் போட்டு, சாணிக் கரைசல் தெளித்து மண் தள்ளுங்கள், சில மாதங்களில் எருவாகிவிடும். பக்கத்து வீட்டார் எரித்துவிட்டுப் போனதை அணைக்க நேர்ந்தால், மண்ணைப் போட்டு மூடிவிட்டு வராதீர்கள். அடியில் கங்கு அப்படியே கிடக்கும். கொம்பால் பரப்பி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை போய், புறங்கையைக் கிட்டே காட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னும் அணையவில்லை.

தீ கையை மீறினால் உடனே 101 அல்லது 112. தெருவுக்குள் பெரிய வண்டி நுழையுமா, உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கிறதா, பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை என்று சொன்னால் போதும். அன்றைக்கு அந்தத் தெருவில் முதலில் தீயைப் பார்த்தவர் 101-க்கு அடிக்கவில்லை. எங்கள் நிலையத்தில் வேலை பார்க்கும் தன் மச்சானுக்கு அடித்திருக்கிறார். மச்சான் அன்று லீவு. போனை சைலன்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.